எக்ஸ்எல் வண்டியைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: "எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, நாலு கறவை மாடு. வீட்டில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி ஒன்று இருக்கிறது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதும், தீவனப்புல் கட்டு ஏற்றி வருவதும் அதில்தான். நானும் ஓட்டுவேன், அவரும் ஓட்டுவார். காலேஜ் போகும் மகன், 'இந்த வண்டியில வந்தா பசங்கெல்லாம் சிரிக்கறாங்கம்மா, குடுத்துட்டு பைக் எடுத்துக்கலாம்' என்கிறான். அவன் அப்பாவுக்கும் அரை மனசு வந்துவிட்டது. கொடுத்துவிடலாமா?"
- ஒரு பெண் வாசகர், ராசிபுரம் வட்டம்

பதில்: கொடுக்க வேண்டாம். ஆனால் மகன் சொல்வதை முழுதாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர் கேட்பது ஒரு வேலைக்கான வண்டி, வீட்டில் நிற்பது வேறு வேலைக்கான வண்டி. இரண்டையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எக்ஸ்எல் மீது இத்தனை கேலி விழுகிறது.

சிரிப்பு எதற்காக?

'தையல் மெஷின்', 'பால்கார வண்டி', 'மூட்டை வண்டி' என்று இந்த வண்டிக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். சினிமாவிலும் நகைச்சுவை நடிகர் ஏறி வருவதற்கென்றே ஒதுக்கியதுபோல் இதைக் காட்டுவார்கள். வேகம் போகாது, சத்தம் போடும், பார்க்க லட்சணம் இல்லை என்பது புகார். இந்தச் சிரிப்பில் வண்டியைப் பற்றியது கொஞ்சம்தான். அதை யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துச் சிரிப்பதே அதிகம். கீரைக்கட்டு விற்பவர், பால் ஊற்றுபவர், முட்டை அட்டை கொண்டுபோகிறவர், பாத்திரம் விற்பவர், அறுபது வயதுப் பெரியவர் என்று கைக்கும் வாய்க்கும் ஓடுகிறவர்கள் ஏறும் வண்டி இது. மண்வெட்டியைப் பார்த்து 'இது கத்தி மாதிரி பளபளவென்று இல்லையே' என்று யாரும் சிரிப்பதில்லை. இந்த வண்டியும் பண்ணையத்துக் கருவிதான். அப்படிப் பார்த்துத்தான் அதன் நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டும்.

பழைய சேலம் மாவட்டத்து வண்டி

1911ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், ஓசூர் ஆலையிலிருந்து 1980ல் டிவிஎஸ் 50 வண்டியை வெளியிட்டது. 1965ல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். நாமக்கல்லும் 1997வரை சேலம் மாவட்டம்தான். அந்தக் கணக்கில் இது நம் பக்கத்து வண்டி.

மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால் 'மொபெட்' என்று பெயர். அதற்கு முன்பே லூனா போன்ற மொபெட்டுகள் நாட்டில் ஓடின. ஆனால் இரண்டு பேர் உட்காரும்படி வந்த முதல் இந்திய மொபெட் டிவிஎஸ் 50. கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போய்வர முடிந்தது. அதுவரை சைக்கிளில் பால் கேன் கட்டி மிதித்தவர்களுக்கு, அதே பாதையில், அதே கேனோடு, மூச்சு வாங்காமல் போக ஒரு வழி கிடைத்தது. பிறகு எக்ஸ்எல், எக்ஸ்எல் சூப்பர், ஹெவி டியூட்டி என்று வரிசையாக வந்தன. 2015ல் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்எல் 100 வந்தது. மற்ற நிறுவனங்களின் பெட்ரோல் மொபெட்டுகள் ஒவ்வொன்றாகச் சந்தையைவிட்டுப் போன பிறகும் இது நின்றது. 2018-19ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 8 லட்சத்துக்கும் அதிகமான மொபெட்டுகள் விற்றன. கேலி செய்கிறவர்கள் பலர், வாங்குகிறவர்கள் அதைவிடப் பலர் என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

வெளிநாட்டிலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. ஜப்பானில் 1958ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டிக்கும் கிளட்ச் லீவர் கிடையாது. கடையிலிருந்து சாப்பாடு கொண்டுபோகும் ஆள் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது அந்த வடிவமைப்பின் நோக்கங்களில் ஒன்று. 2017ல் அந்த வண்டியின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. வேலைக்கென்று செய்த சிறு வண்டியை உலகம் மதித்திருக்கிறது.

சுமை எங்கே உட்காருகிறது?

பைக்கில் ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவே டேங்க் இருக்கிறது. அதனால் சுமை முழுவதும் பின்னால்தான் போக வேண்டும். பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் எடை ஏற ஏற, முன் சக்கரம் லேசாகி, திருப்பும்போது அலையும். எக்ஸ்எல் வண்டியில் அந்த நடு இடம் காலியாக இருக்கிறது. கால் வைக்கும் இடத்திலேயே ஒரு மூட்டை உட்காரும். எடை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, தரைக்குப் பக்கத்தில் நிற்கும். ஓட்டுகிறவரின் முழங்கால்களே மூட்டைக்கு அணை. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் அங்கேயும் புல் கட்டு ஏறும்.

அடுத்தது கிளட்ச். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கிளட்ச் ஷூக்கள் உள்ளே சுருங்கி இருக்கும். வேகம் கூடும்போது சுழற்சியின் விசையால் வெளியே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நகரும். கியர் இல்லை, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. பால் தளும்பாமல், மாடு நடக்கும் வேகத்திலும் வண்டித்தடத்தில் போகலாம். எக்ஸ்எல் 100 இன்ஜின் 99.7 சிசி. அதன் அதிகபட்ச இழுவிசை 6.5 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 100 சிசி பைக்குகளில் இழுவிசை இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அது முழுதாகக் கிடைக்க 6,000 சுற்றுவரை முறுக்க வேண்டும். வரப்போரத் தடத்தில் யாரும் அந்த அளவுக்கு முறுக்குவதில்லை.

சக்கரம் 16 அங்குலம். பல ஸ்கூட்டர்களின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். சிறிய சக்கரம் குழியில் இறங்கிவிடும், பெரியது ஏறித் தாண்டும். எடையும் குறைவு. 100 சிசி பைக் 110 கிலோவை ஒட்டி இருக்கும். எக்ஸ்எல் அதைவிட 20 கிலோவுக்கு மேல் இலேசு. சேற்றில் சாய்ந்தால் ஒரு பெண்ணோ பெரியவரோ தூக்கி நிறுத்திவிடலாம். பேட்டரி இறங்கினாலும் உதைத்துக் கிளப்பலாம். டியூப் டயர் என்பதால் பஞ்சர் ஒட்டத் தெரிந்த எந்த ஊர்க் கடையும் போதும்.

குறை சொல்பவர்களின் நியாயம்

எக்ஸ்எல் மீது சொல்லப்படும் குறைகளில் உண்மையானவையும் உண்டு. அவற்றை மறைத்து வண்டியைப் புகழ்வது குடும்பத்துக்கு ஆபத்து.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் புகை கக்கின என்பது சரி. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்ததால் வந்த புகை அது. நான்கு ஸ்ட்ரோக் வந்ததும், 2017, 2020ஆம் ஆண்டுகளின் மாசு விதிகளும் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. இப்போதைய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு இருக்கிறது. அதில் கோளாறு வந்தால் ஊர் மெக்கானிக் ஸ்குரூடிரைவர் கொண்டு சரிசெய்ய முடியாது, கணினிக் கருவி வேண்டும் என்பது புதிய குறை.

பிரேக் டிரம் பிரேக்தான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு முன்பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் இது இல்லாமல் இருக்கலாம். எப்படி இருந்தாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் எந்த டிரம் பிரேக்கும் நிற்காது. வண்டியோடு வந்த கையேட்டில் அனுமதித்த சுமை எழுதியிருக்கும். அதில் ஓட்டுகிறவரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 40 லிட்டர் கேன் நிறையப் பால் என்றால் பாலே 41 கிலோ. இரண்டு கேன் 82 கிலோ, கேன்களின் எடை தனி. ஓட்டுகிறவர் 60 கிலோ. 150 கிலோவைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் ஒரு தீவன மூட்டையும் ஏற்றி, பின்னால் ஆளையும் உட்கார வைப்பது வண்டியின் தவறில்லை.

நான்குவழிச் சாலை இன்னொன்று. சேலம் - நாமக்கல் - கரூர் தேசிய நெடுஞ்சாலை 44ல் லாரியும் பேருந்தும் போகும் வேகத்துக்கு எக்ஸ்எல் ஈடுகொடுக்க முடியாது. இருக்கும் இடங்களில் சர்வீஸ் சாலையில்தான் போக வேண்டும். சுற்று மிச்சம் என்று எதிர்த்திசையில் வருவது உயிருக்கே உலை. புல் கட்டு பின்விளக்கை மறைத்துவிடும். விடியற்காலைப் பாலுக்கும் இருட்டில் சந்தைக்கும் போகிறவர்கள், கட்டின் மேல் தெரியும்படி சிவப்பு ஒளிரும் பட்டை கட்டுவது கட்டாயம். செலவு சொற்பம்.

இது சமவெளி வண்டி என்பதும் நினைவிருக்கட்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் சுமையோடு இதை இறக்கக் கூடாது. கியர் குறைத்து இன்ஜினால் வேகத்தை அடக்க வழியில்லை. வேலை முழுவதும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடேறி, பிடிப்பு குறைந்துவிடும்.

கடன் கணக்கு

இனி வாசகரின் வீட்டுக்கு வருவோம். ஒரு பைக்குக்கு 1 லட்சம் ரூபாய் கடன், 12 சதவிகித வட்டி, 36 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதம் சுமார் 3,320 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 1,19,500 ரூபாய்க்கு மேல் ஆகும். பால் லிட்டருக்கு 35 ரூபாய் என்று கொண்டால், மாதம் 95 லிட்டர் பால் தவணைக்கே போகும். தினமும் 3 லிட்டருக்கு மேல், மூன்று வருடம். மாடு வறண்ட மாதத்திலும் தவணை வறளாது. மரவள்ளி விலை இறங்கி, சேகோ ஆலையில் பணம் தாமதமாகும் மாதத்திலும் அதே தேதி வரும்.

எக்ஸ்எல் வண்டியின் கணக்கு இது. தினம் 20 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் மாதம் 12 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்று கொண்டால் 1,200 ரூபாய். சுமையோடு ஓட்டினால் கொஞ்சம் கூடும். பைக் வந்தாலும் பெட்ரோல் செலவு இருக்கும், அதோடு தவணையும் சேரும். இன்னொரு இழப்பு பணத்தில் தெரியாது. எக்ஸ்எல் போய்விட்டால், கியர் வண்டி பழகாத அம்மா இனிமேல் பாலுக்கு யாரையாவது எதிர்பார்க்க வேண்டும். இன்றைக்கு மகன் வீட்டில் இருக்கிறார். நாளைக்கு வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ போய்விட்டால், வாசலில் நிற்கும் பைக்கை யார் எடுப்பது?

மகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கல்லூரி நெடுஞ்சாலை வழியாகத் தொலைவில் இருந்தால், தினமும் எக்ஸ்எல்லில் போவது சரியில்லை. அதற்குப் பேருந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால், அவர் படிப்பு முடிந்து சம்பாதிக்கும்போது அவர் தேவைக்கு ஏற்ற வண்டியை அவரே எடுக்கட்டும். எக்ஸ்எல் பண்ணையத்தோடு இருக்கட்டும். இந்தக் கணக்கை அப்பா, அம்மா, மகன் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது நல்லது. கல்லூரிக் கட்டணம் எந்த வண்டியில் ஏறி வந்தது என்பதும் அந்தத் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும்.

பராமரிப்பில் மறப்பவை

உர மூட்டையும் கோழி எருவும் ஏற்றிய அன்றே கேரியரையும் செயினையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உரத்தின் உப்பு இரும்பை அரிக்கும். கழுவிக் காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். கோழிப்பண்ணைத் தூசியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்னதைவிட முன்னதாகவே பார்க்க வேண்டும். பிரேக் நட்டை முடுக்கி முடுக்கி இனி இடமில்லை என்றாகிவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்.

இன்னும் சில கேள்விகள்

கேள்வி: பத்தாவது படிக்கும் பையன் தோட்டத்துக்கு எக்ஸ்எல் ஓட்டலாமா? லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே?
பதில்: தவறான பேச்சு. 16 வயதில் உரிமம் பெற்று ஓட்டலாம் என்ற சலுகை 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான். டிவிஎஸ் 50 காலத்துப் பேச்சு இன்னும் ஊரில் உலவுகிறது. எக்ஸ்எல் 100 வண்டிக்கு 18 வயது நிரம்ப வேண்டும், உரிமமும் வேண்டும். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஹெல்மெட்டும் எல்லோருக்கும் கட்டாயம்.

கேள்வி: பழைய எக்ஸ்எல் ஒன்று வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் பழைய ஆள் பெயரில்தான் இருக்கிறது. பரவாயில்லையா?
பதில்: உடனே மாற்றுங்கள். விற்றவருக்கும் அது நல்லது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு விற்றவர் தலையில் விழும். 29, 30ஆம் எண் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். உரிமையாளர் தானே ஓட்டிப் போகும்போது உயிரிழந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு, பதிவும் காப்பீடும் அவர் பெயரில் இருப்பதோடு, அவரிடம் செல்லத்தக்க உரிமமும் இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 52 வயது. வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகிறது. அவருடைய எக்ஸ்எல் சும்மா நிற்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரியும். இந்த வயதில் பழகினால் ஊர் சிரிக்காதா?
பதில்: பழகுங்கள் அம்மா. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அப்போதும் சிரித்தவர்கள் இருந்தார்கள். பெண்கள் ஓட்டிக்கொண்டேதான் போனார்கள். சைக்கிள் தெரிந்தவருக்கு எக்ஸ்எல் பழகுவது கடினமில்லை. முதலில் பழகுநர் உரிமம் எடுங்கள், வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அறுவடை முடிந்த காட்டிலோ களத்திலோ, உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுமை இல்லாமல் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் பிரேக் பிடித்து நிறுத்துவதை மட்டும் பழகுங்கள். முறுக்குவது தானாக வந்துவிடும். ஒரு மாதம் வெறும் வண்டியில் ஓடிய பிறகு ஒரு சின்னக் கேன் வையுங்கள். பால் தளும்பாமல் சொசைட்டிவரை போய்ச் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு புல் கட்டும் ஏற்றலாம்.